நோட்டீஸ் அடிக்கிறவனுக்கு மாடர்ன் ஆர்ட் எதுக்கு?

லேஅவுட்_தம்பி:
திருவல்லிக்கேணில ஒரு சின்ன பிரஸ்ல டிசைனரா இருக்கேன். கோரல்ட்ரா சாஃப்ட்வேர் பழகி வந்தவன், ஆர்ட் காலேஜ்லாம் போகல. பொருள வடிவம் வடிவமா உடைச்சு வரையிற கியூபிசம், ஜெர்மனில இருந்த பௌஹவுஸ் டிசைன் ஸ்கூல்னு வீடியோ பாக்குறேன், ரொம்ப பிடிச்சிருக்கு, ஆனா அதெல்லாம் கேலரில மாட்டுற படம் தானே, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ்னு போடுற எனக்கு அதுல எடுத்துக்க என்ன இருக்கு?

பெரியமேடு_வாசி:
கேலரியோட நிக்கல தம்பி. பிரான்ஸ் போஸ்டர் டிசைனர் கசாண்ட்ர 1935ல போட்ட நார்மண்டி கப்பல் போஸ்டர தேடிப் பாருங்க. கப்பலோட மூக்கு நேரா நம்ம மேல வரும், மொத்த கப்பலும் நாலஞ்சு வடிவத்துலயே முடிஞ்சிடும், அடியில பொடிப்பொடியா பறவைங்க, அது இருக்கறதால தான் கப்பல் மலை மாதிரி தெரியுது. பொருள வடிவமா பிரிச்சுப் பாக்குற அந்தக் கண்ணு கியூபிசம் குடுத்தது. அதுக்கு முன்னாடியே ரஷ்யாவுல லிசிட்ஸ்கின்னு ஒரு ஓவியர் போட்டதையும் பாருங்க, ஒரு செவப்பு முக்கோணம் வெள்ளை வட்டத்துக்குள்ள குத்துது, அவ்ளோதான், ஒரு மனுஷ உருவம் கூட இல்ல, உள்நாட்டுப் போர் போஸ்டர் அது.

எழுத்துப்பித்து:
அண்ணன் சொன்னது சரி, ஆனா அப்படியே காப்பி அடிச்சா தமிழ்ல ஒட்டாது. பௌஹவுஸ்ல ஹெர்பர்ட் பேயர் 1925ல கேப்பிட்டல் எழுத்தே வேணாம்னு ஒரு எழுத்துரு வரைஞ்சார், நமக்கு அந்தப் பிரச்சினை பொறந்ததுலேர்ந்தே கிடையாது. நம்ம பிரச்சினை வேற. ஒரு வரில 'கூ' கீழ எறங்கும், அடுத்த வரில 'கீ' மேல ஏறும், இங்கிலீஷுக்கு வைக்கிற வரி இடைவெளி வச்சா ரெண்டும் இடிச்சுக்கும். அதனால ஆதிமூலத்தோட தலைப்பு எழுத்த பாருங்க. சென்னை ஆர்ட் காலேஜ்ல படிச்ச ஓவியர், சிறுபத்திரிகைக்கும் புத்தக அட்டைக்கும் அவர் எழுதின எழுத்துல பிரஷ்ஷோட ஓட்டம் அப்படியே இருக்கும், எழுத்தே படமா நிக்கும். என்னைக் கேட்டா நமக்கு பௌஹவுஸ விட இதுதான் கிட்ட. ஒரு ஞாயித்துக்கிழமை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் போங்க, கே.சி.எஸ். பணிக்கர் முன்ன நின்னு 1966ல ஆரம்பிச்ச ஓவியர் கிராமம். அவரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைல எழுத்து மாதிரி கோடுங்க பக்கம் பக்கமா ஓடும், படிக்க முடியாது, ஆனா கண்ணு நகராது.

லேஅவுட்_தம்பி:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. இப்படி கம்மியா வச்சு இடம் விட்டா, பார்ட்டி வந்து 'இங்க காலியா இருக்கே, ஒரு பூ போடு'ன்னு சொன்னா என்ன பண்றது?

பெரியமேடு_வாசி:
வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது. அதே மேட்டர ரெண்டு விதமா பிரிண்ட் எடுத்து, கைக்கு எட்டாத தூரத்துல சுவத்துல ஒட்டி, எந்தப் பேரு முதல்ல தெரியுதுன்னு அவங்களையே கேளுங்க.

லேஅவுட்_தம்பி:
நாளைக்கு ஒரு காதுகுத்து பத்திரிகை இருக்கு. பார்டர எடுத்துட்டு குழந்தை பேர மட்டும் பிரஷ்ல எழுதி ஒண்ணு, வழக்கம் போல ஒண்ணு, ரெண்டையும் காட்டுறேன்.