தவணைக் கடனைப் பள்ளியில் பிரித்துப் பார்க்கத் தனிப்பாடம் வேண்டுமா?

கணக்காசிரியர்:
உயர்நிலை வகுப்புகளில் பண மேலாண்மைக்கும் தொழில்முனைவுக்கும் தனிப்பாடம் வேண்டும் என்பது என் கருத்து. போன வாரம் வகுப்பில் ஒரு கணக்கு போட்டேன். ஓராண்டுக் கடன், 12 மாதத் தவணை. கடைசி மாதம் வரை முழுத் தொகைக்கும் 12 சதவீத வட்டி. உண்மையான வட்டி எவ்வளவு? வகுப்பே 12 என்றது. அசல் மாதாமாதம் குறைவதைப் பலகையில் கழித்துக் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "அப்போ கையில இல்லாத பணத்துக்கும் வட்டி கட்டுறோமா சார்?" என்றாள். கணக்குப்படி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. இது தெரியாமல் பிள்ளைகளை வெளியே அனுப்பலாமா?

இரு பிள்ளைகளின் தாய்:
சார், அது நல்ல கணக்குப் பாடம். அதைக் கணக்கு வகுப்பிலேயே நடத்துங்கள். பள்ளியில் பண மேலாண்மைப் பாடம் நடத்தினால் என்ன ஆகும் என்று பிரேசிலில் 892 பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. பிள்ளைகளின் சேமிப்பு கூடியது, சரி. கூடவே அதிக வட்டிக் கடனில் பொருள் வாங்குவதும் கூடியது! வீட்டில் வருமானமே போதாத பிள்ளையிடம் 'சேமி' என்றால், குறை அவளுடையது என்று சொல்வதாகிவிடாதா? அதுதான் எனக்கு வலிக்கிறது.

கணக்காசிரியர்:
அந்த வலி எனக்கும் உண்டு அம்மா. ஆனால் பணம் குறைந்த வீட்டைத்தான் தவறான கடன் முதலில் பிடிக்கிறது. 76 சோதனைகளைத் தொகுத்து 2022இல் வந்த ஆய்வு, நிதிக் கல்வியால் அறிவும் பழக்கமும் மேம்படுகின்றன என்கிறது.

சிறுதொழில் செய்பவன்:
தொழில்முனைவைப் பற்றி யாரும் பேசவில்லையே. பள்ளியில் நாங்கள் காகிதப் பைகள் செய்து விற்றோம். தாள், பசை விலையைக் கழித்துவிட்டு மீதியை லாபம் என்று எழுதினோம். நான்கு மாலை உட்கார்ந்து ஒட்டிய எங்கள் உழைப்புக்கு விலையே போடவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. பிறகு சொந்தத் தொழிலிலும் இரண்டு ஆண்டுகள் அதே தவற்றைச் செய்தேன். நெதர்லாந்தில் மாணவர்களே சிறு நிறுவனம் நடத்திப் பழகும் திட்டம் ஒன்றை ஆராய்ந்தபோது, அவர்களுக்குத் தொழில் தொடங்கும் ஆசை குறைந்திருந்ததாம். இதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினாறு வயதில் 'இது எனக்கு ஒத்துவராது' என்று தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய லாபம்!

இரு பிள்ளைகளின் தாய்:
தம்பி சொன்ன கூலிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பாடத்தை யார் எழுதுவது? கடன் விற்கும் நிறுவனம் அச்சிட்டுத் தரும் கையேடு என் மகளின் பைக்குள் வரக் கூடாது.

கணக்காசிரியர்:
அதில் உங்கள் பக்கம்தான் நான். தனிப்பாடம் வேண்டும் என்பதை மட்டும் விட மாட்டேன். அந்தத் தவணைக் கணக்குக்கே இரண்டு வகுப்புகள் போயின. பாடத்திட்டத்தில் அதற்கு எனக்குக் கிடைத்தது அரை வகுப்பு.