பிளெண்டர் ரெண்டர் வேறு மெஷினில் இருட்டாகத் தெரிகிறது

கேள்வி: பிளெண்டர் (3டி மென்பொருள்) 4.2, வெளியீடு இஎக்ஸ்ஆர் படக் கோப்பு. ரெண்டர் மெஷினில் சரியாக இருக்கும் படம், கம்பாசிட்டிங் (படங்களை அடுக்கிச் சேர்க்கும்) மெஷினில் நிழலெல்லாம் கரியாகத் தெரிகிறது. பிஎன்ஜியாகக் கொடுத்தால் இருட்டு இல்லை, ஆனால் சிவப்பு கண்ணைக் குத்துகிறது. மானிட்டர் கோளாறா?

பதில் 1: இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. இஎக்ஸ்ஆரில் இருப்பது லீனியர் எண்கள், அதாவது திரைக்காக மாற்றாத நேரடி ஒளி அளவுகள். பிளெண்டர் திரையில் காட்டும்போது போடும் ஏஜிஎக்ஸ் என்ற நிற மாற்றம் (4.0 முதல் இதுதான் டீஃபால்ட்) அதில் பதியாது, பிஎன்ஜியில் பதிந்துவிடும். சோதிக்க, எமிஷன் ஷேடரில் (தானே ஒளிரும் மெட்டீரியல்) 0.18 சாம்பல், ஸ்ட்ரெங்த் 1 வைத்து இஎக்ஸ்ஆர் எடுங்கள். அந்த மெஷினில் வியூவரை எஸ்ஆர்ஜிபியில் (சாதாரண மானிட்டர்களின் நிறத் தரம்) வைத்துக் கலர் பிக்கரால் பாருங்கள். 0 முதல் 255 வரையிலான அளவில் 118 வந்தால் சரி. 46 என்றால் லீனியர் எண் அப்படியே திரைக்குப் போகிறது.

கேள்வி கேட்டவர்: 46தான்.

பதில் 1: அப்போ பிளெண்டரின் கலர்மேனேஜ்மென்ட் ஃபோல்டரை முழுசாக அந்த மெஷினுக்குக் காப்பி செய்து, ஓசிஐஓ (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிற மேலாண்மை முறை) என்ற பெயரிலான என்விரான்மென்ட் வேரியபிளில் அதிலுள்ள கான்ஃபிக் ஃபைலின் பாதையைக் கொடுங்கள். கான்ஃபிக்கை மட்டும் எடுத்தால் எல்யூடி (நிற மாற்ற அட்டவணைக் கோப்புகள்) இல்லாமல் பிழை வரும். பிறகு வியூவில் ஏஜிஎக்ஸைத் தேர்ந்தெடுங்கள். காமாவைக் கையால் ஏற்றி ஒப்பேற்ற வேண்டாம், ஹைலைட் வெளுத்துவிடும்.

பதில் 2: சிவப்பு விஷயம்: அது வைட் கேமட் (எஸ்ஆர்ஜிபியை விட அதிக நிறங்களைக் காட்டும்) மானிட்டராக இருக்கும். ஐசிசி ப்ரொஃபைலை (மானிட்டரின் நிறத் தன்மையைச் சொல்லும் கோப்பு) படிக்காத வியூவர், எஸ்ஆர்ஜிபி எண்ணை அப்படியே அனுப்புகிறது. மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் போடுங்கள். போட்டதும் சிஸ்டத்தில் பழைய வைட் கேமட் ப்ரொஃபைலை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் கலர் மேனேஜ்மென்ட் உள்ள மென்பொருளில் நிறம் சோகை பிடித்துத் தெரியும்.