ஏலத்தில் எடுத்த லொறி, ஜெனரேற்றர்: உங்களுக்கு மறக்காத ஒரு சம்பவம்

மாங்குளத்தான்
என் லொறி பெட்ஃபோர்ட் எம்கே, ஏலத்தில் எடுத்தது. எடுத்த கதையை விட்டுவிடுகிறேன். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து நெல் ஏற்றி வரும்போது நிற்கும். டீசல் குழாயில் சிக்கிய எயரை எடுத்தால் கிளம்பும், கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் நிற்கும். ஃபில்டர் மாற்றினேன், டாங்கியிலிருந்து டீசலை இழுக்கிற லிஃப்ட் பம்பின் டயஃபிராம், அதுதான் உள்ளே இருக்கிற சவ்வு, அதையும் மாற்றினேன், இஞ்சினுக்கு டீசல் அடிக்கிற பெரிய பம்பையும் கழற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். எங்கும் ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை.

என்னிடம் வேலை பழகிய பொடியன் ஒருநாள், “அண்ணை, டாங்கி நிறைய இருக்கிற நாளில் இது நிற்கிறதில்லை” என்றான். நான் கேட்கவில்லை. “நீ நட்டை ஒழுங்காக இறுக்கியிருந்தால் ஏன் எயர் வருகிறது?” என்று தேநீர்க் கடையில் எல்லார் முன்னாலும் ஏசினேன். அடுத்த கிழமை அவன் வேலைக்கு வரவில்லை.

உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் டாங்கிக்குள் தொங்குகிற குழாயை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து அதை வெளியே இழுத்தேன். ஒரு நுனியைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு மறு நுனியில் ஊதினேன். என் மூச்சு என் மணிக்கட்டிலேயே பட்டது. கறள் தின்ற ஓட்டை, ஊசி போகிற அளவு. டீசல் அந்த ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் லொறி காற்றைக் குடித்திருக்கிறது. பொடியன் சொன்னது அதைத்தான்.

விசுவமடு
லிஃப்ட் பம்ப் டயஃபிராம் என்றதும் எழுத வேண்டும் போல இருந்தது. எங்கள் அரிசி ஆலையில் பச்சை நிற ஜெனரேற்றர் ஒன்று, நாலு சிலிண்டர் பெர்கின்ஸ். ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறையாது, கூடித்தான் இருக்கும். நல்ல இஞ்சின், ஒயில் குடிக்கவில்லை என்று அப்பாவுக்குச் சந்தோஷம். உண்மையில் டயஃபிராம் கிழிந்து டீசல் இஞ்சின் அடியில் ஒயில் நிற்கிற சம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பின்னேரம், நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓட வேண்டியது தானாக றேஸ் ஆகத் தொடங்கியது. பல்புகள் வெள்ளையாக எரிந்து ஒவ்வொன்றாக வெடித்தன. நிறுத்துகிற லீவரை இழுத்தோம், நிற்கவில்லை. பம்பிலிருந்து வருவதை விட்டுவிட்டுத் தன் ஒயிலையே எரித்துக்கொண்டிருந்தது. அப்பா எயர் கிளீனரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர்ப் பரலை மூடியிருந்த பலகையை எடுத்து இஞ்சின் காற்று இழுக்கிற வாயில் வைத்து அழுத்தினார். இஞ்சின் பலகையை இழுத்துப் பிடித்தது, முனகியது, நின்றது. சத்தம் நின்ற பிறகும் அப்பாவால் பலகையிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. நான்தான் விரல் விரலாக விடுவித்தேன்.

தயவுசெய்து கையாலோ துணியாலோ பொத்தப் போகாதீர்கள். உள்ளே இழுத்துவிடும்.

கனகராயன்குளம்
இப்போது எல்லாவற்றுக்கும் பயப்படுகிறோம். தொண்ணூறுகளில் எரிபொருள் தடைக்காலத்தில் வன்னி ஓடியது மண்ணெண்ணெயில்தான். மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் பெற்றோல் சில சொட்டு விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அக்காவைப் பிரசவத்துக்கு மல்லாவி ஆஸ்பத்திரிக்கு இரவில் ஏற்றிப் போனேன். சின்னப் போத்தலில் இருந்த பெற்றோல் கிளப்புவதற்கே முடிந்துவிட்டது. நின்றால் திரும்பக் கிளம்பாது. அக்காவை வாசலில் இறக்குகிற வரை அக்சலேற்றரை முறுக்கியபடியே நின்றேன். அந்த மண்ணெண்ணெய்ப் புகை மணம் வந்தால் இப்போதும் வயிற்றைப் பிசையும். டீசலிலும் கலந்து ஓடினோம். ஒன்றும் நடக்கவில்லை.

பழைய கராஜ்
அண்ணை, உங்கள் அக்காவின் கதையை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் கடைசி வரியை ஏற்க மாட்டேன். மோட்டார் சைக்கிளும் டீசல் பம்பும் ஒன்றல்ல. பெர்கின்ஸில் டீசல் அடிக்க வருகிற சிஏவி டிபிஏ என்ற சுழல் பம்புக்கு எண்ணெய் என்று தனியாக எதுவும் இல்லை. உள்ளே ஓடுகிற டீசல்தான் அதற்கு வழுக்கல். மண்ணெண்ணெய் மெல்லியது, அந்த வழுக்கல் அதில் போதாது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கு விற்ற நாட்களில் பாதிக்குப் பாதி கலந்து ஓடிய ஜெனரேற்றர் ஒன்று 2022 இல் என்னிடம் வந்தது. திறந்தால் ரோட்டர் கீறுப்பட்டு இறுகிப்போய், சாஃப்ட் முறிந்து கிடந்தது. உரிமையாளர் அந்தத் துண்டைக் கையில் வைத்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் அடிக்கிற வரிசைப் பம்ப் என்றால் கீழே கேம் பகுதிக்காவது தனி ஒயில் இருக்கும். அதற்கும் நான் கலக்க விடமாட்டேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரவில் டாங்கியைக் காலியாக விடாதீர்கள். குளிர்ந்ததும் மேலே உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் வியர்க்கும், அடியில் தங்கும், டீசலும் தண்ணீரும் சேருகிற இடத்தில் கறுப்புச் சளி வளரும். ஃபில்டரில் அந்தச் சளியைக் கண்டால் ஃபில்டரை மாற்றி மட்டும் பயனில்லை, டாங்கியையே கழுவ வேண்டும். பரலிலிருந்து இறைக்கும்போது குழாயை அடிவரை விடாதீர்கள், ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். காலையில் கிளப்ப முன்னர் ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் தங்குகிற கண்ணாடிக் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றினால் பழைய செப்பு வொஷரைத் திரும்பப் போடாதீர்கள். முக்கியமாக, இன்ஜெக்டர் நுனியில் உள்ள நொசில் அடிக்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்காதீர்கள். வளிமண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்கு அளவு அது, தோலைத் துளைத்து உள்ளே போகும். பேனா முனை பட்டது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிக்காது. வலிக்கிற வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெரிய ஜெனரேற்றரை நாலு பல்புக்காக மணிக்கணக்கில் ஓட விடுவதும் கூடாது. சுமை இல்லாமல் இஞ்சின் சூடேறாது, எரியாத டீசல் புகைக்குழாய் வழியே கறுப்பாக வடியும்.

முத்தையன்கட்டு
மாங்குளத்தான் அண்ணை, அந்தப் பொடியனிடம் பிறகு பேசினீர்களா?

மாங்குளத்தான்
நேற்று வரை இல்லை. இதை எழுதிய பிறகு அவன் தாயிடம் போய் நம்பர் வாங்கினேன். கொழும்பில் ஒரு கராஜில் நிற்கிறானாம். எடுத்துப் பேசினேன், என் பிழை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அண்ணை, எந்த மட்டத்தில் ஓட்டை?” என்று கேட்டான். பாதிக்குச் சற்று மேலே என்றேன்.