டீச் ஃபார் இந்தியாவா, ஐடி வேலையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பி.இ. இறுதியாண்டு. கேம்பஸில் ஒரு ஐடி கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது. டீச் ஃபார் இந்தியா ஃபெலோஷிப்பிலும் தேர்வாகியிருக்கிறேன்: 2 ஆண்டு, முழுநேரம், வசதி குறைந்த பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வேண்டும். மனசு அங்கேதான் இழுக்கிறது. (அம்மாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.)

கல்விக் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அதைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம். ஆனால் ஃப்ரெஷர் வேலைக்குப் பல கம்பெனிகள் 'இந்த வருட பேட்ச் மட்டும்' என்றுதானே கேட்கின்றன? 2 ஆண்டு கழித்து வந்தால் நான் ஃப்ரெஷரும் இல்லை, அனுபவசாலியும் இல்லை.

ஃபெலோஷிப் முடித்து ஐடிக்குத் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இன்டர்வியூவில் அந்த 2 ஆண்டை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? தவணையைத் தள்ளிவைக்க வங்கி சம்மதித்ததா? 'பிடித்ததைச் செய்' மட்டும் வேண்டாம், நிறையக் கேட்டாகிவிட்டது.