பார்வோ நோய் கண்ட வாடகை வீட்டிற்கு நாய்க்குட்டி வருகிறது: முன்னேற்பாடுகள் என்ன?

கேள்வி: வைகைக்கரை, மதுரை

வணக்கம். அடுத்த மாதம் எட்டு வார வயதுள்ள சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று எங்கள் வீட்டிற்கு வரவிருக்கிறது. தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். முன்புறம் சிறு தோட்டமும் பின்புறம் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டியும் உள்ளன. தோட்டத்தில் பூசைக்காக அம்மா வளர்க்கும் செவ்வரளி இருக்கிறது. அம்மா மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எலித் தொல்லைக்காக மூலைகளில் மருந்து வைப்பதும் வழக்கம். எங்களுக்கு முன் இங்கே குடியிருந்தவர்களின் குட்டி பார்வோ என்ற வைரஸ் தொற்றுநோயில் இறந்துவிட்டது என்று வீட்டுக்காரர் இப்போதுதான் சொன்னார். எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நொய்யல், கோயம்புத்தூர்

நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்டதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பார்வோ வைரஸ் நாயின் உடலுக்கு வெளியே பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது; நாம் அன்றாடம் தரை துடைக்கும் ஃபினாயிலை நம்பி அதை ஒழிக்க முடியாது. தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் சோப்புத் தண்ணீரால் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிய பிறகு, துணி வெளுக்கப் பயன்படும் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்கிற்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, குறைந்தது பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, பின்னர் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். அதனுடன் ஆசிட்டையோ வேறு கழுவும் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் வாயு உங்கள் நுரையீரலையே பாதிக்கும்.

மண்ணில் இந்த முறை பலிக்காது, ஏனென்றால் மண்ணிலுள்ள மக்குப் பொருள்கள் குளோரினின் வீரியத்தை முறித்துவிடும். ஆகவே தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தோட்டத்தில் இறக்கிவிடாமல் இருப்பதுதான் வழி. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி முழுமையாக வேலை செய்யாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரே ஊசி போட்டுவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணுவது ஆபத்து. வளர்ப்பவர் ஒப்புக்கொண்டால், இன்னும் ஓரிரு ஊசிகள் முடியும்வரை குட்டியை அவரிடமே விட்டு வையுங்கள். உங்கள் வீட்டின் நிலையில் நான் அதைத்தான் செய்வேன்.

பதில்: கால்நடை மருத்துவர், திருச்சி

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். நஞ்சைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். மனிதர்கள் சாப்பிடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறிதளவு உள்ளே போனாலும் குட்டியின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். மாத்திரை அட்டையைக் கடித்துப் பிய்ப்பது குட்டிக்கு விளையாட்டு என்பதால், அம்மாவின் மருந்துகள் கட்டில் பக்கத்திலோ தலையணை அடியிலோ இருக்கக் கூடாது. மூடிய அலமாரிக்குள் இருக்கட்டும்.

எலி மருந்தை இன்றே அகற்றிவிட்டு, பொறிக்கூண்டுக்கு மாறுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற குட்டி முதல் சில நாள்கள் நன்றாகவே ஓடியாடும். பின்னர்தான் உள்ளே இரத்தக் கசிவு தொடங்கும். எனவே தின்றதாகச் சந்தேகம் வந்த உடனேயே, எந்த மருந்து என்று தெரியும்படி அதன் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்த உப்பே குட்டியைக் கொன்றுவிடலாம்.

அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த இலையிலும் அது குறைவதில்லை. செடிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள்; அதன் வாசனைக்கு நாய்கள் தாமாகவே போய்த் தின்னும். சமையலறையில் வெங்காயம், பூண்டு, உலர்ந்த திராட்சை மூன்றையும் நினைவில் வையுங்கள். சாம்பார் சாதத்தைத் தட்டில் மிச்சம் வைத்துக் குட்டிக்கு ஊட்டும் வழக்கம் வேண்டாம். அந்துருண்டையும் கற்பூரமும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பதில்: கரிசல்காடு, விருதுநகர் மாவட்டம்

சிப்பிப்பாறையை வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டை இனம். பூனையோ அணிலோ குறுக்கே ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. எனவே வாசல் கேட்டின் அடியிலும் கம்பிகளுக்கு இடையிலும் குட்டியின் தலை நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். வளர்ந்தபின் சுவர் தாண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடி கனமாகவும் பூட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். லாரித் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில்தான் அதைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள்.

வழவழப்பான டைல்ஸ் தரை இந்த நீண்ட கால்களுக்கு ஆகாது. குட்டி ஓடும் வழியில் சாக்கையோ கோரைப்பாயையோ விரித்துவிட்டால் கால் வழுக்கிப் பரப்பிக்கொள்ளாமல் வளரும். ஒயர்களைச் சுவரோடு உயர்த்திக் கட்டுங்கள், ஏனென்றால் பல் முளைக்கும் பருவத்தில் கடிக்கக் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். முதல் வாரங்களில் வீடு முழுவதையும் திறந்துவிடாமல், ஒரே அறையைச் சுத்தமாக்கி அதில் பழக்குங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. வளர்ப்பவரிடம் பேசினேன், இரண்டாவது ஊசி போட்ட பிறகு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அரளியை வெட்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. தொட்டியில் மாற்றி மொட்டை மாடியில் வைத்தால் போதுமா?

பதில்: கால்நடை மருத்துவர், திருச்சி

மாடிக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும் என்றால் போதும். பெரிய செடியை இடம் மாற்றுவதைவிடக் கிளையை வெட்டிப் பூந்தொட்டியில் நட்டு வேர்விடச் செய்வது எளிது. பழைய செடியை வேரோடு எடுத்தபின் கழித்த கிளைகளை எரிக்காதீர்கள், அந்தப் புகையும் நஞ்சு. உதிர்ந்த இலைகளையும் பொறுக்கிவிடுங்கள். பூசையறையில் வாடிய அரளிப்பூ தரையில் விழாமல் தனித் தட்டில் சேரட்டும். அந்த அறைக்கு ஒரு குறுக்குப் பலகை போட்டுவிட்டால் அம்மாவும் கவலையின்றிப் பூ வைக்கலாம்.