ஊட்டிக் குளிரில் பம்ப் டியூபுக்குள் நீர்த்துளி – என்ன செய்வது?

லவ்டேல்_அம்மா:
எலக்ட்ரிக் பிரெஸ்ட் பம்ப். பால் எடுத்து முடித்ததும் டியூபுக்குள் நீர் முத்து முத்தாக நிற்கிறது. கழுவிவைத்த பாகங்கள் மறுநாள் காலையிலும் காய்வதில்லை. மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுமாமே, 5 நிமிடக் கொதி போதுமா? குழந்தைக்கு 6 வாரம்.

குன்னூர்_நர்ஸ்:
போதும்மா. ஊட்டி உயரத்தில் (சுமார் 2,240 மீட்டர்) தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதிக்கும். பாலில் பெருகும் கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடு தாராளம். தளதளவென்று கொதி வந்தபிறகு 5 நிமிடம் கணக்கு வையுங்கள். குழந்தைக்கு 2 மாதம் ஆகும்வரை தினம் ஒருமுறை கொதிக்கவிடணும். குறைமாதக் குழந்தை என்றால் அதற்குப் பிறகும்.

ஆனால் பால் கொழுப்பு ஒட்டியிருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை. ஒவ்வொரு முறையும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் அலசி, சோப்பு கலந்த சுடுநீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீரில் கொழுப்பு உறைந்து படலமாகிவிடும். பம்புக்கென்றே ஒரு பேசின் வேண்டும், சிங்கில் போடவே கூடாது. 2016இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு வந்த குரோனோபாக்டர் என்ற பாக்டீரியாத் தொற்றில், அதே கிருமி பம்பிலும் சிங்க் வடிகாலிலும் இருந்தது. அந்தப் பாகங்களைத் தேய்க்காமல், மணிக்கணக்கில் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டிருந்தார்கள்.

கொடை_தாய்ப்பால்:
உடம்புச் சூட்டோடு வரும் ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் பட்டு நீராகிறது. பால் எடுத்ததும் டியூபை, மார்பில் வைக்கும் புனல் பக்கம் மட்டும் கழற்றி, மோட்டாரை 2, 3 நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். டியூபையும் மோட்டாரையும் கொதிக்கவைக்க வேண்டாம். மோட்டாரை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கொதித்த பாகங்களைச் சூடு ஆறுமுன் சுத்தமான இடுக்கியால் எடுத்து உதறுங்கள். அந்தச் சூட்டிலேயே பாதி ஈரம் போய்விடும். வால்வை (பாலைப் புட்டிப் பக்கம் மட்டும் விடும் சிறு மென்பாகம்) தனியாக வையுங்கள், அதன் பிளவில்தான் நீர் தங்கும். கைத்துண்டால் துடைக்காதீர்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடவும் கூடாது. மழைக்காலத்தில் இன்னொரு செட் இருந்தால்தான் சமாளிக்க முடியும்.

குன்னூர்_நர்ஸ்:
வால்வின் பிளவுக்குள் பிரஷ்ஷை நுழைக்காதீங்க. பிளவு தானாக மூடாவிட்டால் உறிஞ்சும் வேகம் குறையும். பால் வற்றிவிட்டதென்று பயப்படுகிறவர்கள் முதலில் வால்வை மாற்றிப் பார்க்கணும்.

லவ்டேல்_அம்மா:
நன்றி அக்கா. டியூபுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. சோப்புத் தண்ணீர் விட்டால் போகுமா?

கொடை_தாய்ப்பால்:
அது பூஞ்சை. கழுவ வேண்டாம், அந்த டியூபைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புதுசு வரும்வரை கையால் பீய்ச்சி எடுங்கள்.