தடைக்காலத்தில் வாசித்துக் காட்ட என்ன புத்தகம்? கடல் கதை போதும்!

பாம்பன் கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகெல்லாம் நின்றுவிடும். ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நான் மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அந்த இரண்டு மாதமும் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். போன வருசம் அந்த நேரத்தில் அப்பாவுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அப்பா வல்லம் என்கிற நாட்டுப் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் கொஞ்சம், இப்போது கண்ணும் மங்கல். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நான் சத்தமாக வாசித்தால் பக்கத்தில் வலை கட்டுகிற ஆட்களும் வேலையோடு வேலையாகக் கேட்பார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அப்பா சும்மா கேட்க மாட்டார். எழுதினவரோடு மல்லுக்கு நிற்பார். ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' வாசித்தேன். 84 நாள் மீனே படாமல் போன கிழவன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் அவ்வளவு பெரிய மீனைப் படகின் பக்கவாட்டில் கட்டி இழுத்து வருகிற இடத்தில் கோபம் வந்துவிட்டது. "ரத்தத்தோட கட்டி இழுத்தா சுறா வராம வெள்ளாடா வரும்? வெட்டி உள்ள போட்டுட்டு வர வேண்டியதுதான!" வலை கட்டுகிறவர்களில் ஒருவர் கிழவனுக்குப் பரிந்து பேச, அன்றைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் நகரவில்லை. ஆனால் பச்சை மீனைத் தின்கிறபோது உப்பு கொண்டுவராமல் போனோமே என்று கிழவன் நொந்துகொள்வான் பாருங்கள், அங்கே மட்டும், "இது கடலுக்குப் போனவன் எழுதுனதுதான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' ரொம்பப் பிடித்தது. வல்லத்தை விற்கச் சொல்லி மகன் நெருக்குகிற பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' பெரிய புத்தகம், அதையும் விட்டு விட்டு முடித்தோம். இப்போது அப்பாவே சொல்லிவிட்டார்: "கடல் போதும்த்தா. நாப்பது வருசம் பாத்ததைத் திரும்பத் திரும்ப என்ன கேக்குறது. வேற ஏதாவது வாசி."

அதனால் கேட்கிறேன். எந்த வகையாக இருந்தாலும் சரி: சிரிப்பு, திகில், துப்பறியும் கதை, சரித்திரம். காதால் கேட்டால் புரிய வேண்டும், அது முக்கியம். கண்ணால் வாசிக்கும்போது அழகாக இருக்கிற நீள வாக்கியமெல்லாம் வாயில் வந்தால் மூச்சு முட்டுகிறது. ஆட்கள் பெயரும் அதிகம் வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' ஏற்கெனவே ஆயிற்று.

உச்சிப்புளி வாத்தியார்:

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976இல் வந்த நாவல். கி.ரா. எழுதினாரா, திண்ணையில் உட்கார்ந்து சொன்னாரா என்று பிரிக்க முடியாது. கரிசல் காட்டுக் கதை, தண்ணீரே அபூர்வம், உங்கள் அப்பா கேட்ட மாறுதல் கிடைத்துவிடும்.

ஆரம்பத்திலேயே ஒரு சம்பவம். ஒத்தையில் நடந்து வந்த கர்ப்பிணி ஒருத்தி தண்ணீர் குடிக்கக் குனிகிறாள். காதுக் கம்மலுக்காக ஒருவன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடுகிறான். அவளோ அவன் கால் பெருவிரலைக் கடித்த கடியை விடாமலே செத்துப்போகிறாள். கள்ளன் விரலை எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறான். இதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், வலை கட்டுகிற கை தன்னால் நிற்கும். அப்புறம் மங்கத்தாயாரு அம்மாள் என்கிற தொண்டுகிழவி தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்கிறாள். பாட்டி சொல்கிற கதை என்பதால் வாசிக்கிறவருக்கும் வாய் வலிக்காது.

இன்னொன்று, நம்ம சீமைச் சரித்திரம். டாக்டர் எஸ்.எம். கமாலின் 'விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்'. 1795இல் கிழக்கிந்தியக் கும்பெனியார் பதவியைப் பறித்துச் சிறையில் அடைத்த முத்துராமலிங்க சேதுபதியைப் பற்றியது. 1809இல் சென்னையில் கைதியாகவே இறந்தார். கமால் ஆவணங்களைத் தோண்டி எழுதுகிறவர், அதனால் கதை மாதிரி ஓடாது. ஒரு நாளைக்கு நாலு பக்கம், மீதியை நீங்கள் உங்கள் பேச்சில் சொல்லிவிடுங்கள். அவருடைய பல நூல்கள் நாட்டுடைமை ஆனவை, தமிழ் விக்கிமூலத்தில் காசில்லாமல் கிடைக்கும்.

கீழக்கரை மருமகள்:

அக்கா, சிரிப்புக்கு நான் பொறுப்பு. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. குளச்சல் யூசுஃப் தமிழில் செய்திருக்கிறார்.

அமைதியாக இருந்து எழுதலாம் என்று ஒரு எழுத்தாளர் சொந்த வீட்டுக்கு வருகிறார். வீடு முழுக்க உம்மா, தம்பிமார், தங்கச்சிமார், மச்சினிகள், பிள்ளைகள், கோழிகள். எல்லாருக்கும் அவர் கையிலுள்ள காசின் மேல் கண். போதாக்குறைக்குத் தங்கச்சி பாத்துமாவின் ஆடு தினமும் வந்து கண்ணில் பட்டதையெல்லாம் மேய்கிறது. கடைசியில் அவர் எழுதிய 'பால்யகால சகி'யையும் 'சப்தங்க'ளையும்கூடத் தின்றுவிடுகிறது. எழுதினவரே பக்கத்தில் நின்று, எந்தப் புத்தகத்தை எப்படி மெல்லுகிறது என்று வேடிக்கை பார்க்கிறார்.

எங்கள் வீட்டில் இதை நான் வாசித்தபோது மாமி முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். மச்சினி மாரெல்லாம் தனித்தனியாக வந்து ரகசியமாகக் காசு கேட்கிற இடம் வந்ததும், "இது யாரைச் சொல்லுது?" என்றார். அதற்கப்புறம் தினமும் அஸர் என்கிற சாயங்காலத் தொழுகைக்குப் பின்னால் அவரே புத்தகத்தை எடுத்து என் மடியில் வைப்பார்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும் சொல்வேன். பெயரில் கடல் இருக்கிறதே தவிர விசயமெல்லாம் கரையில்தான். பெரிய வீட்டு முதலாளியின் கொட்டமும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்கிற பிடிவாதமும். ஆனால் பேச்சு வழக்கு குமரிப் பக்கத்து முஸ்லிம்களுடையது, முதல் இரண்டு நாள் நாக்கு தடுக்கும்.

தொண்டிக் கப்பல்காரன்:

அக்கா, கடல் வேண்டாம் என்று சொன்னதற்கப்புறமும் கடல் புத்தகம் சொல்ல வந்திருக்கிறேன், திட்டாதீர்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளியானது. ஆள் சிங்கம்புணரிக்காரர். அப்போது அது ராமநாதபுரம் ஜில்லா, 1985இல்தான் பிரித்தார்கள். ஆக, நம்ம ஊர் புத்தகம்.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் மெடான், பினாங்கு என்று திரிகிற பாண்டியன் கதை. வட்டிக்கடை, ஜப்பான்காரன், நேதாஜி படை எல்லாம் வருகிறது. தொங்கான் என்கிற சரக்குத் தோணியில் போகிறபோது புயலில் மாட்டுகிற பகுதி ஒன்று இருக்கிறது. நான் கப்பல் என்ஜின் அறையில் ஆயிலராக இருக்கிறேன். அதை வங்காள விரிகுடாவில் வைத்து ஒரு நவம்பரில் வாசித்தேன், வாந்தி எடுத்துக்கொண்டே வாசித்தேன். உங்கள் அப்பா எழுதினவரிடம் குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் திணறப்போவது இங்கேதான்.

உச்சிப்புளி வாத்தியார்:

தம்பி, தமிழில் என்னைக் கேட்டால் முதல் ஐந்து நாவலில் அது ஒன்று. ஆனால் வாசித்துக் காட்டுவதற்கு அல்ல. பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொண்டு குடிபோதையில் பேசுகிற பக்கங்களை யார் வாயால் வாசிப்பது? கேட்கிறவர் கொட்டாவி விட்டுவிடுவார்.

தொண்டிக் கப்பல்காரன்:

சார், முழுசாக யார் வாசிக்கச் சொன்னது? புயலை மட்டும் வாசிக்கட்டும். பிடித்தால் மீதி.

முதுகுளத்தூர் பிஎஸ்ஸி:

அக்கா, ராத்திரி நேரத்து வாசிப்பு என்றால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'தான். வக்கீல்கள் கணேஷும் வசந்தும் ஒரு பழைய பங்களாவுக்குப் போகிறார்கள். அங்கே நடப்பது பேயா, விஞ்ஞானமா என்று இரண்டு பேரும் கடைசி வரைக்கும் வாதம் பண்ணுவார்கள். அத்தியாயம் எல்லாம் சின்னது, ஒவ்வொன்றும் கொக்கி போட்டு நிற்கும், தொடர்கதையாக வந்தது இல்லையா. வசந்த் அடிக்கிற சில ஜோக்கை அப்பா முன்னால் வாசிக்க முடியாது, முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

'என் இனிய இயந்திரா'வும் நல்லாயிருக்கும். புத்தகம் வாசிக்கிற இயந்திர நாய் ஜீனோ வருகிறது. கதை 2021இல் நடப்பதாக எண்பதுகளில் எழுதியது. அந்த வருசம் நாம் எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தோம், சுஜாதாவுக்கே அது தோன்றவில்லை.

மண்டபம் ரயிலடி:

இன்னும் யாரும் சொல்லாததால் சொல்கிறேன், 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார், இரா. முருகவேள் தமிழாக்கினார். கருப்பன், வள்ளி என்று புருசன் பெண்டாட்டி இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டாலே போதும், பெயர்க் குழப்பம் வராது. மேஸ்திரி கொடுக்கிற முன்பணத்தில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். வருசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். அக்கா நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அந்தப் பக்கங்களை வேறு மாதிரி வாசிப்பீர்கள். மீன் ஏலத்தில் முன்பணம் வாங்கிய படகுக்காரர் கதைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இதை எங்கள் தெருவில் வாசித்தபோது கேட்டவர்கள் பேச்சு உடனே முகாமுக்குப் போய்விட்டது. இன்றைக்கு அகதிகள் இருக்கிற மண்டபம் முகாம், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஆட்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தி வைத்த இடம்தானே. ஆனால் ஒன்று, சோகமான புத்தகம். பஷீருக்கு அப்புறம் இதைத் தொடங்காதீர்கள், இடையில் சுஜாதாவை விடுங்கள்.

பாம்பன் கணக்கு:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று 'கோபல்ல கிராமம்' கிளை நூலகத்திலேயே கிடைத்தது. அட்டை இல்லை, உள்ளே பக்கமெல்லாம் சரியாக இருக்கிறது. கால்விரல் கடிக்கிற இடம் வரைக்கும் வாசித்துவிட்டேன் சார். நீங்கள் சொன்ன மாதிரி யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா மட்டும், "பொம்பளைன்னா அப்படி இருக்கணும்" என்றார். கள்ளனுக்கு என்ன தண்டனை என்று இப்போதே சொல்லச் சொல்லி ஒரே நச்சரிப்பு.

உச்சிப்புளி வாத்தியார்:

கழுமரம் வரும்வரை சொல்லாதீர்கள்! ஒரு சின்ன ஆசை. அகநானூறு 70ஆம் பாட்டை ஒரு நாள் வாசித்துப் பாருங்கள், உரை பார்த்து அர்த்தமும் சொல்லுங்கள். பரதவர் வேட்டையில் கிடைத்த அயிலை மீனைக் குறுங்கண் வலையைப் பாராட்டியபடி பங்கு போடுவதில் தொடங்குகிறது. ஊரே தலைவியையும் தலைவனையும் பற்றிப் புறம் பேசுகிறது. கல்யாணம் நிச்சயம் ஆனதும் பேச்சு சட்டென்று அடங்கிவிடுகிறது. எப்படி அடங்கியது? "வென்வேற் கவுரியர் தொன்முது கோடி" கடல்துறையில், ஆலமரத்துப் பறவைகளின் சத்தத்தை ராமன் அடக்கினானே, அப்படி அடங்கியதாம். கவுரியர் என்றால் பாண்டியர், தொன்முது கோடி என்பது நம்ம தனுஷ்கோடிதான் என்பார்கள். கடல் பாட்டுதான், ஆனால் பதினேழே வரி. அப்பா மன்னிப்பார்.

பாம்பன் கணக்கு:

சார், நேற்றே வாசித்தேன். உரையோடு சேர்த்துக் கால் மணி நேரம் ஆயிற்று. கல்யாணம், ராமன், ஆலமரம் எதுவும் அப்பா காதில் ஏறவில்லை. "குறுங்கண் வலையா? அந்தக் காலத்துலேயே சின்னக் கண்ணி போட்டு அரிச்சிருக்கானுவ பாரு. அப்புறம் எப்படி மீன் இருக்கும்?" என்று ஆரம்பித்தவர், இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற இரட்டைமடிக்காரர்களைத் திட்டி முடிக்க எட்டு மணி ஆகிவிட்டது.

கப்பல்கார அண்ணே, புயலை மட்டும் வாசிக்க அப்பா சம்மதித்துவிட்டார். "தொங்கான் எப்படிக் கட்டுறான்னு எழுதிருக்கானா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். புத்தகம் நூலகத்தில் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

மண்டபம் ரயிலடி:

என்னிடம் இருக்கிறது. பென்சில் கோடு நிறைய இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். சனிக்கிழமை ராமநாதபுரம் புறப்படுமுன் மண்டபம் பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் கொடுத்து வைக்கிறேன். மழை வந்தால் தார்ப்பாய்க்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பதிலுக்குப் 'பாத்துமாவின் ஆடு' முடிந்ததும் எனக்குக் கொடுங்கள்.

கீழக்கரை மருமகள்:

அதற்கு முன்னால் என் மாமியிடம் கேட்க வேண்டும். புத்தகம் இப்போது அவருடைய அலமாரியில் இருக்கிறது.